ஓடுவது வடம், பிடிப்பது வண்டி: கேபிள் டிராம் இயங்கும் விதம்

செம்பனை மில்லுக்குள் ஒருமுறையாவது போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். குலை நிரப்பிய கேஜுகள், அதாவது இரும்புக் கூண்டு வண்டிகள், தண்டவாளத்தில் வரிசையாக நிற்கும். பக்கத்தில், தரையோடு பதித்த குட்டையான இரும்பு உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். கேப்ஸ்டன் என்பார்கள். வேலையாள் கயிற்றின் ஒரு முனையைக் கேஜில் மாட்டுவார், கயிற்றை உருளையில் மூன்று சுற்றுச் சுற்றுவார், கையில் மிஞ்சிய வாலை லேசாக இழுப்பார். அவ்வளவுதான். பல டன் குலை அசைந்து, வேகவைக்கும் ஸ்டெரிலைசரை நோக்கி நகரும். கையைத் தளர்த்தினால் கேஜ் நின்றுவிடும். உருளை மட்டும் நிற்காது, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கேபிள் டிராமில் பாதி இதுதான். ஓயாமல் ஓடுவது ஒன்று. வேண்டும்போது அதைப் பற்றிக்கொண்டு, வேண்டாதபோது விட்டுவிடுவது இன்னொன்று. டிராம் வண்டியில் எஞ்சின் கிடையாது, மோட்டாரும் கிடையாது. தெருவுக்கு அடியில் ஒரு எஃகு வடம் காலை முதல் இரவு வரை ஒரே வேகத்தில் ஓடுகிறது. வண்டி அதைப் பிடித்தால் போகும், விட்டுவிட்டு பிரேக் போட்டால் நிற்கும். கோயில் தேரில் மக்கள் வடம் பிடிப்பார்கள், தேர் அசைந்து வரும். இங்கே தேரே கையை நீட்டி வடத்தைப் பிடிக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மலேசியாவில் கேபிள் கார் என்றால் கெந்திங்கிலும் லங்காவியிலும் அந்தரத்தில் தொங்கிப் போகும் பெட்டிதான் நினைவுக்கு வரும். பினாங்குக் கொடிமலை ரயிலையும் சிலர் அதே பெயரில் சொல்வதுண்டு. கொடிமலை ரயில் 1923-ல் ஓடத் தொடங்கியது. அதில் பெட்டி வடத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெட்டி ஏறும்போது மறுமுனையில் உள்ள பெட்டி இறங்கும், இறங்குவதன் எடை ஏறுவதற்குக் கைகொடுக்கும். ஆனால் பெட்டி நிற்க வேண்டுமானால் வடமே நிற்க வேண்டும். இரண்டு பெட்டிக்கு அது சரிப்படும். இருபது வண்டிகள், ஒவ்வொன்றும் தனித்தனி நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்ற வேண்டிய தெருவுக்குச் சரிப்படாது.

அந்தச் சிக்கலுக்குத் தெருவில் முதலில் விடை கண்டவர் ஆண்ட்ரூ ஸ்மித் ஹாலிடி. சான் பிரான்சிஸ்கோவில் கம்பி வடம் தயாரித்தவர், சுரங்கங்களில் வடத்தால் பாரம் இழுக்கும் வேலையில் பழகியவர். குதிரைகள் டிராம் இழுத்துத் திணறிய செங்குத்தான கிளே தெருவில் 1873 ஆகஸ்டில் தன் வண்டியை ஓட்டிப் பார்த்தார். செப்டம்பர் 1-ஆம் தேதி மக்கள் ஏறத் தொடங்கினார்கள். அதே ஊரில் இன்றும் மூன்று தடங்கள் ஓடுகின்றன. கீழே வரும் அளவுகளில் பெரும்பாலானவை அந்த ஊர்க் கணக்கு.

வடத்தை ஓட்டும் கூடம்

மில் கேப்ஸ்டனில் ஏன் மூன்று சுற்று? ஒரு சுற்றுப் போதாதா? இது புரிந்தால் இயந்திரக் கூடம் முழுவதும் புரிந்துவிடும்.

உருளை கயிற்றைப் பிடிப்பது உராய்வால். கயிறு உருளையை எவ்வளவு தூரம் தழுவுகிறதோ, அந்த அளவுக்குப் பிடி பெருகும். அந்தப் பெருக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடுவதில்லை, மடங்கு மடங்காக ஏறுகிறது. உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் கையிழுப்பு சுமார் 3.5 மடங்காகும். இரண்டு சுற்றில் 12 மடங்கு. மூன்று சுற்றில் 43 மடங்கு. ஆள் 10 கிலோ விசையில் வாலை இழுத்தால் மறுபக்கம் 430 கிலோ இழுக்கும். தண்டவாளத்தில் சக்கரம் நல்லபடியாக உருளும் வண்டியை அசைக்க அதன் எடையில் நூறில் ஓரிரு பங்கு விசை போதும். எனவே 20 டன் கேஜ் வரிசை ஒரு ஆளின் கைக்கு அடங்கிப் போகிறது.

டிராம் கூடத்திலும் இதே கணக்குத்தான். வடம் முடிவில்லாத வளையம். தெருவின் ஒரு பக்கம் போய், கடைசியில் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றி, மறுபக்கமாகத் திரும்பிக் கூடத்துக்குள் வருகிறது. அங்கே ஆள் உயரத்தை மிஞ்சும் இரண்டு சக்கரங்களுக்கு இடையே எட்டுப் போட்டதுபோல் சுற்றி வருகிறது. எட்டு வடிவில் போனால் ஒவ்வொரு சக்கரத்தையும் வடம் அரைச்சுற்றுக்கும் அதிகமாகத் தழுவும், வழுக்காது. சக்கரம் ஏன் அவ்வளவு பெரிது? சிறிய சக்கரத்தில் தடித்த வடம் கூர்மையாக மடங்கும். மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து, உள்ளே இருக்கும் கம்பிகள் ஒவ்வொன்றாகக் களைத்து முறியும். ஒரு இரும்புக் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதில்லையா, அதேதான்.

சான் பிரான்சிஸ்கோவில் நான்கு வடங்கள், நான்கையும் ஓட்டுவது ஒரே கூடம். ஒவ்வொரு வடத்துக்கும் 510 குதிரைத்திறன் மின்மோட்டார். தொடக்க காலத்தில் அந்த இடத்தில் நீராவி எஞ்சின் நின்றது. வேகம் மணிக்கு 15.3 கிலோமீட்டர், சைக்கிளை நிதானமாக மிதிக்கும் வேகம். இதைவிட வேகமாக எந்த வண்டியும் போக முடியாது, ஏனென்றால் வடம் அதற்குமேல் ஓடுவதில்லை. இறக்கத்திலும் வண்டி வடத்தைப் பிடித்தபடியே இறங்குகிறது. அப்போது வடம் கடிவாளம்போல் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இறங்கும் வண்டியின் எடையோ வேறெங்கோ ஏறிக்கொண்டிருக்கும் வண்டிக்கு உதவியாக வடத்தை இழுத்துக் கொடுக்கிறது. பேட்டரியும் கணினியும் இல்லாமல் இறக்கத்தின் ஆற்றலைத் திருப்பி எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. 1873-க்கு எவ்வளவு பெரிய காரியம்!

கூடத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பின்னால் தள்ளுவண்டிபோல் நகரும் ஒரு சக்கரம். பாரமான எடை ஒன்று அதைப் பின்னோக்கி இழுத்தபடி இருக்கும். வடம் வெயிலில் நீளும், பாரத்தில் நீளும், புதிதாக இருக்கும்போது இன்னும் அதிகமாக நீளும். அந்தத் தொய்வை இந்தச் சக்கரம் பின்னே நகர்ந்து விழுங்கிக்கொள்ளும். வடம் எப்போதும் விறைப்பாக இருக்கும். நகர இடமில்லாத அளவு நீண்டுவிட்டால் வடத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி இணைப்பார்கள்.

114 கம்பி, ஒரு கயிறு

வடத்தின் விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர். பத்தொன்பது எஃகுக் கம்பிகளை முறுக்கி ஒரு புரி, அப்படி ஆறு புரிகள், ஆக 114 கம்பி. நடுவில் எஃகு கிடையாது, சைசல் என்னும் நார்க்கயிறு. மெத்தைபோல் ஆறு புரிகளையும் உள்ளிருந்து தாங்குவது அந்த நார்தான். வடம் நசுங்கும்போதும் வளையும்போதும் புரிகள் ஒன்றையொன்று அரைக்காமல் காப்பதும் அதுதான். எண்ணெயைக் குடித்து வைத்திருந்து கம்பிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவும் விடும்.

வெளியே வழக்கமான கிரீஸைத் தடவ முடியாது. தடவினால் வண்டியின் பிடி வழுக்கிவிடும். அதற்காக பைன் மரத் தார் வகையைப் பூசுகிறார்கள். பிடி இறுகும் நேரத்தில் இந்தப் பூச்சு தேய்ந்து தன்னைக் கொடுத்துவிடும், கம்பி தேயாது. பள்ளிக்கூட ரப்பர் தான் தேய்ந்து காகிதத்தைக் காப்பாற்றுவதுபோல.

முடிவில்லாத வளையம் என்றால் இரு முனைகளையும் எங்கோ இணைத்திருக்க வேண்டும். முடிச்சுப் போட்டாலும் கிளாம்ப் வைத்து இறுக்கினாலும் அந்த இடம் புடைக்கும், வண்டியின் பிடிக்குள் நுழையாது. ஆகவே பின்னல் இணைப்பு. இரு முனைகளிலும் பல மீட்டர் நீளத்துக்குப் புரிகளைப் பிரிப்பார்கள். ஒரு முனையின் புரியை உருவி வெளியே எடுக்க எடுக்க, அது விட்டுப்போன பள்ளத்திலேயே மறுமுனையின் புரியை முறுக்கி உட்கார வைப்பார்கள். ஆறு புரிகளின் சந்திப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி வரும். கடைசியில் ஒவ்வொரு புரியின் நுனியையும், நடுவிலிருந்த சைசலை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குள் செருகிவிடுவார்கள். நன்றாகச் செய்த இணைப்பைக் கையால் தடவினாலும் கண்டுபிடிப்பது கடினம். வடத்தின் இறுக்கமே செருகிய நுனிகளை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். தேர்ந்த கைகள் இல்லாமல் நடக்காத வேலை இது. கேபிள் டிராம் வேலைகளில் எது உயர்ந்தது என்று கேட்டால் எங்கள் வாக்கு இதற்குத்தான்.

தெருவுக்கு அடியில்

இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, தெருப் பரப்பில் சுமார் 2 சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட பிளவு தெரியும். மேலே இருந்து பார்ப்பவருக்கு அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு கான்கிரீட் வாய்க்கால். சில அடிக்கு ஒன்றாக நுகம்போல் வளைந்த இரும்புச் சட்டங்கள் அதில் பதிந்திருக்கும். தண்டவாளத்தையும் பிளவின் இரு உதடுகளையும் விலகாமல், நெருங்காமல் அந்தச் சட்டங்கள் பிடித்துக்கொள்கின்றன. நெருங்காமல் என்பது முக்கியம். லோரி ஏறி இறங்கும் தெருவில் மண் இருபுறமும் இருந்து நெருக்கும். பிளவு ஒரு சென்டிமீட்டர் குறுகினாலும் வண்டியின் பிடி அதில் சிக்கிக்கொள்ளும்.

வடம் வாய்க்காலின் தரையில் கிடப்பதில்லை. சுமார் பத்து மீட்டருக்கு ஒரு கப்பி என்ற கணக்கில் வரிசையாகக் கப்பிகள் அதைத் தாங்குகின்றன. பிளவுக்கு நேர் கீழே வடத்தை வைக்காமல் சற்றே ஒதுக்கி வைப்பது வழக்கம். மழைநீரும் தெரு மண்ணும் பிளவு வழியாக நேரே விழும் அல்லவா? வடம் ஒதுங்கியிருந்தால் அழுக்கு அதன் தலையில் விழாமல் வாய்க்காலின் அடிக்குப் போய்விடும்.

மேடு பள்ளம் வரும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். மேட்டின் உச்சியில் வடம் முழு இறுக்கத்தோடு கீழ்நோக்கி அழுத்தும், அங்கே வலுவான கப்பிகள் தேவை. பள்ளத்தின் அடியில் நிலைமை தலைகீழ். விறைத்த கயிறு நேராகத்தான் நிற்கப் பார்க்கும், ஆகவே வடம் மேலெழும்பித் தெருப் பரப்பை முட்டும். அதை அமுக்கிப் பிடிக்க மேலிருந்து ஒரு கப்பி வேண்டும். ஆனால் வண்டியின் பிடி அந்த இடத்தைக் கடந்தாக வேண்டுமே? ஸ்பிரிங் வைத்து ஒதுங்கிக்கொள்ளும் கப்பியைப் பொருத்துவது ஒரு வழி. அந்த இடத்தில் வண்டி வடத்தை விட்டுவிட்டு வந்த வேகத்திலேயே கடந்து, பிறகு பிடிப்பது இன்னொரு வழி.

தெருத் திருப்பத்திலும் இதே கேள்வி எழும். திருப்பத்தின் உட்புறம் படுக்கையாக வைத்த கப்பிகள் வரிசையாக நின்று வடத்தை வளைத்துக் கொடுக்கின்றன. வண்டி வடத்தைப் பிடித்தபடியே திரும்பலாம். ஆனால் முழு வேகத்தில்தான் திரும்ப வேண்டும், வேகத்தைக் குறைக்க வழியில்லை. நின்றுகொண்டு வரும் பயணிகள் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டிய இடம் அது. நியூசிலாந்தின் டனிடின் ஊரில் 1881-ல் ஜார்ஜ் ஸ்மித் டங்கன் என்ற பொறியாளர் இப்படிப் பிடித்தபடி திரும்பும் வளைவை அமைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் கேபிள் டிராம் நேர்கோட்டுத் தெருக்களை விட்டு வெளியே வர முடிந்தது.

பிடி

இனி வண்டிக்குள் போவோம். வண்டியின் முன்பகுதியில் ஓட்டுநர் நிற்கிறார். அவர் கையில் மார்பளவு உயரமுள்ள ஒரு நெம்புகோல். அதன் கீழ்ப்பகுதி தட்டையான எஃகுத் தகடாகி, வண்டியின் தரையைத் துளைத்து, தெருப் பிளவு வழியாக வாய்க்காலுக்குள் இறங்குகிறது. அங்கே அதன் நுனியில் இடுக்கியின் வாய்போல் இரண்டு தாடைகள். நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தால் தாடைகள் மூடும், முன்னுக்குத் தள்ளினால் திறக்கும்.

மூன்று நிலைகள் உண்டு. முழுதாகத் திறந்தால் வடம் வாயிலிருந்து நழுவிக் கீழே கப்பிகளில் விழுந்துவிடும். பாதி மூடினால் வடம் வாய்க்குள் இருக்கும், ஆனால் வண்டியை இழுக்காமல் உள்ளே வழுக்கி ஓடும். நிறுத்தத்தில் ஆள் ஏறும்போது இந்த நிலைதான். முழுதாக இறுக்கினால் வண்டியும் வடமும் ஒன்று.

புறப்படும்போது பாதியிலிருந்து முழுமைக்குப் போகும் அந்தச் சில விநாடிகளில்தான் ஓட்டுநரின் கைத்திறன் இருக்கிறது. திடுமென இறுக்கினால் நின்ற வண்டி ஒரே அடியில் 15 கிலோமீட்டர் வேகத்துக்குத் தாவும், நிற்பவர்கள் விழுவார்கள், வடமும் அதிரும். மெல்ல மெல்ல இறுக்கினால் வண்டி நோகாமல் கிளம்பும், ஆனால் தாடை தேயும். இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு இருக்கிறது. புத்தகத்தில் அதை எழுதி வைக்க முடியாது, கைதான் பழக வேண்டும். தாடைக்குள் மென்மையான உலோகத்தில் செய்த அச்சுத் துண்டுகளை வைப்பதன் காரணமும் இதுதான். தேய்ந்தால் அவை தேயட்டும், வடம் தேயக் கூடாது. சில நாட்களுக்கு ஒருமுறை அவற்றை மாற்றிவிடுகிறார்கள்.

எவ்வளவு வலுவான பிடி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலி வண்டி சுமார் 7 டன். அறுபது பேர் ஏறினால் ஏறத்தாழ 11 டன். சான் பிரான்சிஸ்கோவின் ஹைட் தெருவில் மிகச் செங்குத்தான இடத்தில் நூறு மீட்டருக்குச் சுமார் 21 மீட்டர் ஏற்றம். அந்த ஏற்றத்தில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் பாரம் 2.3 டன் அளவுக்கு வரும். இவ்வளவையும் தாங்குவது இரண்டு தாடைகளின் உராய்வு மட்டுமே. ஆகவே மழை நாளிலோ, தார்ப்பூச்சு கூடிப்போன நாளிலோ, தேய்ந்த அச்சை மாற்றாமல் விட்ட நாளிலோ பிடி நழுவுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அதற்குத்தான் பிரேக்குகள்.

ஒரே ஒரு பிரேக்கை நம்புவதில்லை. சக்கரத்தில் அழுத்தும் இரும்பு பிரேக் ஒன்று. இரண்டாவது, தண்டவாளத்தின்மேல் நேரே அழுத்தும் மரக்கட்டைகள். தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டக்ளஸ் ஃபிர் என்ற மரத்தில் செய்த நான்கு கட்டைகள். செங்குத்தான இறக்கத்தில் புகையும் கருகிய மர வாசனையும் வரும், சில நாட்களிலேயே கட்டை தேய்ந்துபோகும். இரும்பின்மேல் இரும்பு வழுக்கும் இடத்தில் மரம் கவ்வுகிறது. மூன்றாவது கடைசிக் கட்டத்துக்கு மட்டும். ஓட்டுநர் ஒரு நெம்புகோலை இழுத்தால் வண்டியின் அடியில் உள்ள எஃகு ஆப்பு தெருப் பிளவுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். இதையும் கொடுத்தவர் அதே டங்கன்தான். வண்டி நின்ற இடத்தில் நின்றுவிடும். ஆப்பை வெளியே எடுக்கப் பெரும்பாலும் வெல்டிங் ஆள் வந்து அறுத்தெடுக்க வேண்டியிருக்கும்.

பிரேக் வடத்தை நம்பியிருக்கக் கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். லிஸ்பனில் குளோரியா என்ற தெருவோர வட ரயில் 1885 முதல் ஓடியது. கொடிமலையைப் போலவே இரு பெட்டிகளை ஒரு வடம் இணைத்திருந்தது. 2025 செப்டம்பர் 3 அன்று, மேல் பெட்டியோடு வடம் பிணைந்திருந்த இடத்தில் அது விட்டுப்போனது. பிரேக் போட்டார்கள். ஆனால் வடம் தந்த சமநிலை போன பிறகு அந்த பிரேக்குகளால் தனியாகப் பெட்டியை நிறுத்த முடியவில்லை. 16 உயிர்கள் போயின.

விட முடியாத பிடி

பிடி நழுவுவதைவிடப் பெரிய ஆபத்து பிடியை விட முடியாமல் போவது. கேப்ஸ்டனில் வேலை செய்பவர்களுக்கு இது உடனே புரியும். உருளையில் சுற்றிய கயிறு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பூட்டிக்கொண்டால், கையில் வாலைத் தளர்த்தினாலும் கயிறு தளராது, கேஜ் வந்துகொண்டே இருக்கும். கயிற்றின் மடிப்புக்குள் கை மாட்டினால் போயிற்று. கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள், மடிப்புக்குள் காலை வைக்காதே என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

டிராமில் இதே ஆபத்து வேறு வடிவில் வரும். வடத்தில் ஒரு புரி அறுந்து பிரிந்து தொங்குகிறது என்று வையுங்கள். தாடைக்குள் வடம் வழுக்கும்போது அந்தப் பிரிந்த புரி தாடையில் சுருண்டு சிக்கிக்கொள்ளும். ஓட்டுநர் நெம்புகோலை முன்னுக்குத் தள்ளுவார், தாடையும் திறக்கும், ஆனால் வடம் போகாது. வண்டி நிற்க மறுக்கும். முன்னால் நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும் வண்டி நிற்கலாம், தெருவைக் கடப்பவர்கள் இருக்கலாம். பிரேக் போட்டாலும் 510 குதிரைத்திறனோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரே வழி, வடத்தையே நிறுத்துவது. பழைய நாட்களில் நடத்துநர் குதித்து ஓடித் தொலைபேசியில் கூடத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது வாய்க்காலுக்குள் வடத்தை ஒட்டி உணர்வுக் கருவிகள் இருக்கின்றன. பிரிந்த புரி அதைத் தட்டினால் கூடத்தில் எச்சரிக்கை எழும், வடம் நிற்கும். அந்த வடத்தை நம்பிய எல்லா வண்டிகளும் சேர்ந்து நிற்கும். அதுதான் இந்த முறையின் விலை.

இரண்டு தடங்கள் குறுக்கே வெட்டும் சந்திப்பிலும் விடுவதுதான் பாடம். ஒரு வடம் மேலே, மற்றது அதற்குக் கீழே போகும். கீழ் வடத்தில் வரும் வண்டி சந்திப்புக்கு முன்பே விட்டுவிட வேண்டும். விடத் தவறினால் அதன் பிடி மேல் வடத்தில் போய் மோதும். எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று தடத்தின் ஒவ்வொரு இடத்தையும் ஓட்டுநர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். விட்ட வடத்தை மறுபடி பிடிக்கவும் எல்லா இடத்திலும் முடியாது. அது வாய்க்காலுக்குள் தாழ்ந்து கிடக்கும், தாடைக்கு எட்டுமாறு அதை உயர்த்திக் கொடுக்கும் ஏற்பாடு உள்ள இடத்தில்தான் பிடிக்க முடியும்.

நம் ஊர்ப் பெரிய தெருவில் போட்டால்?

ஒரு தோட்டப்பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மில் முகப்பிலிருந்து பள்ளிக்கூடம், கோயில், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை போடும் தெரு, பஸ் நிலையம் என்று 2 கிலோமீட்டர். போக ஒன்று, வர ஒன்று என இரட்டைத் தடம். வடம் 4 கிலோமீட்டருக்குமேல் வேண்டும். இந்தத் தடிமனில் மீட்டருக்குச் சுமார் 4 கிலோ, ஆக 16 டன் எஃகு. கப்பிகள் நானூறு, ஒவ்வொன்றுக்கும் பேரிங், ஒவ்வொன்றுக்கும் கிரீஸ். வடம் ஒரு முழுச் சுற்று வர ஏறத்தாழ 16 நிமிடம்.

அதிகாலை ஐந்தரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள், வண்டி நிறையும். காலை பத்து மணிக்கு இரண்டு பாட்டிமார்கள் மட்டும் இருப்பார்கள். ஆனால் வடம் இரண்டு நேரத்திலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். வண்டி ஒன்றுகூட அசையாத நேரத்திலும் 16 டன் எஃகை நானூறு கப்பிகளின்மேல் இழுத்தே ஆக வேண்டும். ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஒன்றுக்கொன்று உதவுவது மலைத்தெருவில்தான். தட்டையான ஊரில் அந்த லாபமும் கிடையாது, சக்தியில் பெரும்பகுதி வடம் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளவே போய்விடும். அதோடு நம் மழை. மாலை நான்கு மணிக்குக் கொட்டும் மழையில் பெரிய தெரு வாய்க்காலே நிரம்பி வழியும்போது, டிராம் வாய்க்காலுக்குள் செம்மண் சேறு இறங்கும். சேறு கப்பியை இறுக்கும், இறுகிய கப்பி சுழலாது, சுழலாத கப்பியின்மேல் ஓடும் வடம் அதை அறுக்கும், தானும் தேயும். வடிகாலுக்குச் செலவழித்த பணம்தான் முதலில் பலன் தரும். ஆனால் அந்தச் செலவுக்குத் தெருவை ஆழமாகத் தோண்ட ஊரில் யார் ஒத்துக்கொள்வார்கள்?

இந்தக் கேள்வியை உலகம் 1888-லேயே கேட்டுவிட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவின் ரிச்மண்டில் ஃபிராங்க் ஸ்பிராக் மின்சார டிராமை ஒழுங்காக ஓட்டிக் காட்டினார். வாய்க்கால் வேண்டாம், மேலே ஒரு கம்பி போதும், ஓடும் வண்டிக்கு மட்டும் மின்சாரம் செலவாகும். சிகாகோ 1906-ல் கேபிளைக் கைவிட்டது. 75 கிலோமீட்டர் இரட்டைத் தடம் வைத்திருந்த மெல்பர்ன் 1940 வரை தாக்குப்பிடித்தது, டனிடின் 1957 வரை. பினாங்கில் 1906 முதல் 1936 வரை ஓடிய டிராமும் மின்சார டிராம்தான். சான் பிரான்சிஸ்கோவிலும் 1947-ல் நிறுத்தப் பார்த்தார்கள். ஃபிரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி ஊரைத் திரட்டி நின்றதால் தடங்கள் தப்பின. மின்சார டிராம் ஏறத் திணறும் தெருக்கள் அங்கே இருக்கின்றன என்பதும் சேர்ந்துகொண்டது.

வடம் சில மாதங்களில் தேய்ந்துவிடும். மாற்றுவது இரவில், கடைசி வண்டி கூடத்துக்குப் போன பிறகு. பல டன் எடையுள்ள புது வடத்தை வாய்க்காலுக்குள் எப்படி நுழைப்பது என்று கேட்கலாம். பழைய வடத்தை ஓரிடத்தில் வெட்டி, அதன் முனையில் புது வடத்தின் முனையைக் கட்டி, மோட்டாரை மெதுவாக ஓட்டுவார்கள். பழையது வெளியே வர வர, புதியது அதன் பின்னால் ஒவ்வொரு கப்பியிலும் தானாக உட்கார்ந்தபடி ஊரைச் சுற்றி வரும். சுற்று முடிந்ததும் பழையதை அவிழ்த்துவிட்டு, புதியதன் இரு முனைகளையும் பின்னி இணைப்பார்கள். காலையில் முதல் வண்டி பிடிக்கும்போது கூடத்தில் ஒருவர் தொய்வை விழுங்கும் அந்தப் பின்சக்கரத்தின் அருகே நின்று, புது வடம் எவ்வளவு நீள்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.